டெச்சிமானுக்குப் போகாதவர்கள்

முன்பின் தெரியாத ஒருவர், நீங்கள் கேட்காமலேயே, "நீங்க பண்றது தப்பு" என்று சொன்னபோது, நின்று "ஏன்?" என்று கடைசியாக எப்போது கேட்டீர்கள்? அவசரமில்லை, யோசித்துப் பாருங்கள். பெரும்பாலோருக்கு அப்படி ஒரு நாள் நினைவுக்கே வராது. வாயில் முந்திக்கொண்டு வருவது வேறு கேள்வி: "யார் உன்னைக் கேட்டது?"

அதைவிடச் சோம்பேறித்தனமான கேள்வி கிடையாது. சொன்னது சரியா தவறா என்று பார்க்கும் வேலையை அது மிச்சப்படுத்துகிறது. அதனால்தான் அதற்கு இவ்வளவு மவுசு. பிரசவ அறைக்குள் நுழையும் முன் கையைக் கழுவுங்கள் என்று சக மருத்துவர்களிடம் சொன்ன ஒருவரை ஒரு காலத்தில் துரத்தியடித்ததும் இதே கேள்விதான். உள்ளே தாய்மார்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். கனவான்களுக்கோ, தங்கள் கை அழுக்கு என்று ஒருவர் சொன்னதுதான் பெரிய குற்றமாகப் பட்டது.

ஆப்பிரிக்காவின் குமாசி நகரில், கெஜெட்டியா சந்தையை ஒட்டிய வண்டி நிலையத்தில் ஒலிபெருக்கியில் கூவி வண்டிகளை ஒழுங்குபடுத்தும் அபேனா பிராகோ இந்தக் கேள்வியை வாங்காத நாள் குறைவு. அவளிடம் இருந்த பதில் ஒன்றே ஒன்று.

"யாரும் கேக்கல. அதனாலதான் சொல்றேன்."

நிலையத்தில் வண்டிகள் முறைப்படிதான் ஆள் ஏற்றும். முன்னால் நிற்கும் வண்டி நிரம்பிக் கிளம்பினால் அடுத்தது அந்த இடத்துக்கு நகரும். தன் முறை வரும்போது ஆளில்லாதவன் முறையை இழப்பான். இதில் சில ஓட்டுநர்கள் ஒரு வித்தை வைத்திருந்தார்கள். டெச்சிமான் என்னும் ஊருக்கு ஓடும் வண்டிக்காரன் ஒருவன் திடீரென்று காணாமல் போவான். ஆள் கிடைத்துக் கிளம்பிவிட்டான்போல, இனி போட்டியில்லை என்று அடுத்தவன் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்வான். அந்த நேரம் பார்த்து, காணாமல் போனவன் வாச்சே சோறு விற்கும் கடையின் பின்னாலிருந்து வண்டியைப் பின்னோக்கி எடுத்துவந்து ஏற்றுமிடத்தில் செருகிவிடுவான். பிராகோவின் குரல் அப்போது நிலையம் முழுக்க ஒலிக்கும்: "மாஸ்டர், கைய கழுவிட்டு எழுந்திரு. கண்ணுல படாதவன் டெச்சிமானுக்குப் போயிட்டான்னு நினைக்காதே. வாச்சே கடைக்குப் பின்னால புகை வருது, அடுப்புப் புகை இல்ல அது."

யாருக்கு எங்கே இடிக்கும், எவன் எந்தப் பக்கம் திரும்புவான், எந்தச் சந்து இன்னும் சற்று நேரத்தில் அடைபடும் என்பதையெல்லாம் நாற்பது வயது முடிவதற்குள் அவள் பார்க்காமலேயே பார்க்கப் பழகியிருந்தாள்.

இன்னொன்றையும் அவள் அந்த நிலையத்திலேயே கற்றாள். முறைக்குக் காத்திருக்கும் ஓட்டுநர்கள் பலகை போட்டுக் காய் நகர்த்தும் டாமே ஆட்டம் ஆடுவார்கள். ஆடுவது இரண்டு பேர். சுற்றி நின்று சொல்லிக்கொடுப்பவர்கள் அத்தனை பேரும். ஆடுபவன் அவர்களை வாயை மூடச் சொல்லக் கூடாது, அங்கே அதுதான் மரியாதைக் குறைவு. ஆனால் சொல்பவனுக்கும் ஒரு கட்டாயம் உண்டு. ஏன் என்று சொல்ல வேண்டும். காரணம் இல்லாமல் "அந்தக் காயை நகர்த்து" என்றால், "வழியைச் சொல்லுடா, ஊரை மட்டும் சொல்லாதே" என்று கூட்டமே கிண்டலடித்து விரட்டிவிடும். யார் சொன்னது என்பதைவிட ஏன் சொன்னது என்பதைக் கேட்கும் ஒரு சபை. பல்கலைக்கழகங்களிலேயே அது அபூர்வம். அங்கே டயர்களுக்கு நடுவில் சாதாரணமாக நடந்தது.

பிறகு கைப்பேசியில் அந்த விளையாட்டு வந்தது. ஒரு பக்கம் ஐந்து பேர், எதிர்ப்பக்கம் ஐந்து பேர். இரண்டு முனைகளில் இரண்டு கோட்டைகள், இடையில் மூன்று பாதைகள், அவற்றில் காவல் கோபுரங்கள், குறுக்கே ஓர் ஆறு. எதிரிக் கோட்டையை முதலில் இடிப்பவர்கள் ஜெயித்தவர்கள். உங்களோடு சேரும் நான்கு பேர் யாரென்றே தெரியாது. எந்த ஊரோ, எந்த மொழியோ. உடைந்த ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்ததும் பிரிந்து போவார்கள், அநேகமாக மறுபடி சந்திக்க மாட்டார்கள்.

டெச்சிமான் வழியில் வண்டி ஓட்டும் பாஃபூர்தான் அவளுக்கு அதைக் காட்டியவன். ஒரு மாதம் கழித்து அவள் ஆடுவதை எட்டிப் பார்த்தவனுக்கு முதுகு சிலிர்த்தது. அவள் தன் வீரனையே பார்க்கவில்லை. திரையின் மூலையில் நகத்தளவு இருக்கும் வரைபடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். "மேல் பாதையில இருக்கிற தம்பி, பின்னால வா. எதிரி ரெண்டு பேரை ரொம்ப நேரமா காணோம், ஆத்தைத் தாண்டி உன் பக்கம்தான் வருவாங்க" என்றாள். திரையில் ஒன்றுமே இல்லை. பாஃபூர் குனிந்து பார்த்தான். புதர் விலகியது. இரண்டு பேர் வந்தார்கள்.

"அக்கா, எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியலையே. காணாததை வச்சு கணக்குப் போட்டேன்."

விளையாட்டை நடத்தும் கணினிகள் கடலுக்கு அப்பால் ஐரோப்பாவில் இருந்தன. குமாசியில் அழுத்தியது அங்கே போய்ச் சேரக் கண்ணிமைக்கும் நேரம் பிந்தும். அங்கே நடந்தது இங்கே தெரியவும் அப்படியே. கோட்டைக்குப் பக்கத்து வீடு போல அந்தக் கணினிகளின் அருகில் இருப்பவர்கள் கண்ணால் பார்த்து ஆடினார்கள். குமாசிக்காரர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. திரையில் தெரிவது ஏற்கெனவே முடிந்துபோனது. ஆகவே அடுத்து என்ன நடக்கும் என்று ஊகித்து ஆடுவதைத் தவிர வேறு வழியில்லை. இணையக் கம்பிகள் எந்தக் கண்டத்தில் நிறையப் புதைக்கப்படும் என்பதைத் தீர்மானித்தவர்கள் இவளை நினைத்துத் தீர்மானிக்கவில்லை. அந்த அநியாயத்தையே அவள் ஒரு கண்ணாக மாற்றிக்கொண்டிருந்தாள்.

ஆனால் அங்கே டாமே பலகையின் சபை இல்லை. அவள் காரணத்தோடுதான், நிலையத்து டெச்சிமான் சொல்லையும் சேர்த்துச் சொன்னாள். அதற்குத் திட்டுகள் வந்தன. பெண் குரல் என்று தெரிந்ததும் சமையலறைக்குப் போகச் சொன்னார்கள். பேச்சின் சாயலை வைத்து ஆப்பிரிக்கா என்று கண்டுபிடித்துக் குரங்குபோல் கத்தினார்கள். அவளுக்குக் கோபம் வராது என்றில்லை. "கத்தினது போதும் தம்பி, உன் கோபுரம் இடியுது, அதைப் பாரு" என்பாள். அவர்கள் பார்க்க மாட்டார்கள். கோபுரம் இடியும். உடனே புகார்ப் பொத்தானை அழுத்துவார்கள்.

புகாரைப் படிப்பது மனிதர் அல்ல, எண்ணும் இயந்திரம். அது எத்தனை பேர் அழுத்தினார்கள் என்றுதான் பார்க்கும். எது உண்மை என்று பார்க்காது. இரண்டும் இரண்டும் ஐந்து என்று மூன்று பேர் அழுத்தினால், நான்கு என்றவளின் வாயை அது அடைத்துவிடும். அப்படி அவள் வாய் பலமுறை அடைபட்டது. கடைசியாக ஓர் அறிவிப்பு வந்தது: பிறர் ஆட்டத்தில் தலையிட்டுத் தொந்தரவு செய்கிறீர்கள், இன்னொரு முறை புகார் உறுதியானால் உங்கள் கணக்கு நிரந்தரமாக மூடப்படும்.

அந்த அறிவிப்பு வந்த நேரம்தான் கெட்ட நேரம். நிலையத்து அணி, பாஃபூரும் பிராகோவும் இன்னும் மூன்று ஓட்டுநர்களும் சேர்ந்தது, அஷாந்தி வட்டாரப் போட்டியில் கடைசிச் சுற்றுவரை வந்திருந்தது. சனிக்கிழமை ஜெயித்தால் தலைநகர் அக்ராவில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். பெயர் கொடுத்த கணக்கில்தான் ஆட முடியும். பிராகோவுக்கு அக்ரா பெரிதில்லை. நான்கு வருடமாக முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவள் அவள். சனிக்கிழமை, முதல்முறையாக, ஊரே பார்க்கும் கடைசிச் சுற்றில், அவள் சொன்னால் கேட்கும் நான்கு பேரோடு ஆடப்போகிறாள். அதுதான் அவளுக்கு எல்லாமும்.

பாஃபூர் அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, சனிக்கிழமை வரைக்கும் உன் வாயில ஒரு பூட்டு."

"பயிற்சிக்கு ஆடணுமேடா."

"ஆடு. பேசாதே. எவன் ஆத்துல விழுந்தாலும் விழட்டும். உன் தம்பியா அவன்?"

"பேசாம எப்படி ஆடுறது?"

"உலகத்துல எல்லாரும் அப்படித்தான் ஆடுறாங்க."

அவள் ஒப்புக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க ஒலிவாங்கியை அணைத்துவிட்டு ஆடினாள். தெரியாதவர்கள் பொறிக்குள் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். நிலையத்தில் மட்டும் குரல் இரண்டு மடங்கானது. "பிராகோ அக்காவுக்கு என்ன ஆச்சு, லாரி டயரைக்கூடத் திட்டுறா" என்று வாச்சே கடைக்காரி சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை பகலில் மழை பிடித்துக்கொண்டது. பயணிகள் வரவில்லை. வண்டிகள் வரிசையில் நனைந்து நின்றன. பிராகோ தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்து ஓர் ஆட்டத்தைத் தொடங்கினாள். கேடயம் தாங்கும் வீரன் அவளுடையவன். உடன் சேர்ந்த நான்கு பேரில் மூன்று பேர் நண்பர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது; அவர்களில் உரக்கப் பேசியவன் தனக்கு இரும்புப்பல் என்று பெயர் வைத்திருந்தான். நான்காவது ஓர் இளம் பெண், வில்லாளி. அவள் பெயர் தம்தா.

ஆற்றின் நடுவில் ஒரு ராட்சத ஆமை இருக்கும். அதைக் கொல்லும் அணிக்குப் பெரிய பலம் கிடைக்கும். மூன்று நண்பர்களும் அதை நோக்கி நடந்தார்கள். பிராகோ வரைபடத்தைப் பார்த்தாள். எதிரிகளில் மூன்று பேர்தான் கண்ணில் பட்டார்கள். இரண்டு பேரைக் காணோம். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

அப்போது காதில் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"போகாதீங்க. ரெண்டு பேரைக் காணோம். காணாதவங்க டெச்சிமானுக்குப் போயிட்டாங்கன்னு நினைக்காதீங்க."

பிராகோவின் கட்டைவிரல் திரையில் அப்படியே நின்றது. கூரைமேல் மழை பெய்வது கேட்கவில்லை. நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த வண்டியும் போகாத தூரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. அதன் வாயில் அவள் நிலையத்துச் சொல் இருந்தது.

"யார் உன்னைக் கேட்டது?" என்றான் இரும்புப்பல்.

"ஏன்னு சொல்றேன். ரெண்டு பேரும் மேல் பாதையிலயும் இல்ல, கீழ் பாதையிலயும் இல்ல. அப்ப ஆத்துலதான் இருக்கணும்."

"வாய மூடுறியா? டெச்சிமானாம். பேயோட பேரா அது?"

அவர்கள் போனார்கள். புதரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மூவரும் வரிசையாக விழுந்தார்கள்.

விழுந்தவர்கள் மறுபடி எழக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுவதையும் அவர்கள் தம்தாவைத் திட்டப் பயன்படுத்தினார்கள். அவள் உதவிக்கு வராததால்தான் செத்தார்களாம். அவள் பேசியதால்தான் கவனம் சிதறியதாம். பெண்கள் விளையாட்டுக்கு வந்ததே தப்பாம். "எல்லாரும் இவ மேல புகார் போடுங்கடா" என்றான் இரும்புப்பல். தம்தா ஒருமுறை "நான் காரணத்தைச் சொன்னேனே" என்றாள். பிறகு அவள் குரல் நின்றுபோனது.

அந்த மௌனம் பிராகோவுக்குத் தெரியும். ஒரு வாரமாக அவள் அதற்குள்தான் இருந்தாள்.

சனிக்கிழமை கண்முன் வந்தது. பாஃபூரின் முகம் வந்தது. அவள் சொல்லைக் கேட்கப்போகும் நான்கு பேர் வந்தார்கள். இன்னொரு புகார் போதும். சும்மா இருந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு பெண் இனிமேல் யாருக்கும் எதுவும் சொல்லாமல் வாழப் பழகிக்கொள்வாள், அவ்வளவுதான். உலகம் பெரும்பாலும் இப்படித்தான் அமைதியாகிறது.

பிராகோ ஒலிவாங்கியைத் திறந்தாள்.

"அந்தப் பொண்ணு சொன்னது சரி. நீங்க செத்தது அவளால இல்ல. ரெண்டு பேரைக் காணோம்னு அவ சொன்னா, நீங்க எண்ணிப் பாக்கல. இப்ப நானும் சொல்றேன், காது இருந்தா கேளுங்க."

"இது யாருடா இன்னொரு கிழவி?"

"கிழவிதான். சரியா இருந்தா கேளு, தப்பா இருந்தா எங்க தப்புன்னு சொல்லு. எதிரி அஞ்சு பேரும் இப்ப ஆமைகிட்ட இருக்காங்க. நாம அங்க போனா மறுபடி சாவோம். ஆமை சாக நேரம் ஆகும். அதுக்குள்ள அவங்க பக்கத்து மேல் பாதை காலியா கிடக்கு. தம்தா, என் பின்னால வா. நேரா கோட்டைக்கு."

"ஆமைய விட்டுடலாமா?" தம்தா கேட்டாள்.

"விடு. ஆமையத் தின்னுட்டு அவங்க திரும்பி வரும்போது வீடு இருக்காது."

இருவரும் ஓடினார்கள். பாதி வழியில் மூவரில் ஒருவன், அதுவரை வாயே திறக்காதவன், சொல்லாமல் கொள்ளாமல் பின்னால் வந்து சேர்ந்தான். இரும்புப்பல்லும் அடுத்தவனும் ஆற்றுக்குப் போய் மறுபடி விழுந்தார்கள். ஓடும்போதே பிராகோ கேட்டாள்.

"பொண்ணே, நீ எந்த ஊரு?"

"பட்டூமி. கருங்கடல் ஓரம். ஜார்ஜியா."

"டெச்சிமான்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"அது ஒரு இடம்தானே? ரொம்ப தூரத்துல. போனவங்க திரும்பி வர மாட்டாங்க. எங்க பக்கம் விளையாடுறவங்க நிறைய பேர் சொல்வாங்க. எனக்கு ஹங்கேரிக்காரன் ஒருத்தன் சொல்லிக்கொடுத்தான். அவனுக்கு யாரோ. ஏன், விளையாட்டுல அப்படி ஒரு வரைபடம் இல்லையா?"

பிராகோ மழையில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தாள். முதல் வண்டியின் நெற்றியில் பெரிய எழுத்தில் அந்த ஊரின் பெயர். இரண்டு மூன்று மணி நேரப் பயணம். காலையில் போய்ச் சாயந்திரம் திரும்பிவிடுகிறார்கள். திட்டு வாங்கிய ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் அவள் சொன்னதை யாரோ ஒருவன் கேட்டிருக்கிறான். பதில் சொல்லாமல், நன்றி சொல்லாமல், ஒருவேளை புகாரும் போட்டுவிட்டு, அந்தச் சொல்லையும் அதன் காரணத்தையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். இன்னொருவன் கேட்காமலேயே அவனிடம் சொல்லியிருக்கிறான். கடவுளும் அனுப்பவில்லை, சாமியாரும் அனுப்பவில்லை. சரியாக இருந்தது, அதனால் அது நடந்துபோனது.

"தினமும் வண்டி இருக்கு அந்த ஊருக்கு," என்றாள். "நல்ல சேனைக்கிழங்கு கிடைக்கும். கோட்டைய அடி, கோட்டைய அடி. அவங்க இப்பதான் திரும்புறாங்க."

அவர்கள் திரும்பி வருவதற்குள் கோட்டை இடிந்தது. ஜெயித்தார்கள்.

ஜெயித்த பிறகும் இரும்புப்பல் புகார் போட்டான், அடுத்தவனும் போட்டான். அதிகம் பேசுகிறாள் என்பது குற்றச்சாட்டு. வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டே, அதைக் கொடுத்தவளைத் தண்டிக்கக் கேட்பது மனிதனுக்குப் புதிதல்ல. மழை விட்டு, முதல் வண்டி நிரம்பிக் கிளம்பும் முன்பே கணக்கு மூடப்பட்டுவிட்டது. தம்தாவோடு பேசும் வழியும் அதோடு போயிற்று.

பாஃபூரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவன் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"யாரோ ஒருத்திக்காக எங்க சனிக்கிழமைய வித்துட்டே."

"ஆமாம்."

"பேருகூடத் தெரியாது."

"தெரியும். தம்தா."

"அந்த ஊரு எங்க இருக்குன்னு தெரியுமா?"

"அது தெரியாது. ஆனா நம்ம ஊரு எங்க இருக்குன்னு அவளுக்கும் தெரியாது. சொல்லு மட்டும் போயிருக்குடா. நீயும் நானும் போகாத இடத்துக்கு."

நடந்ததைக் கேட்டு முடித்தபோது அவன் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தியிருந்தான். ஆனால் மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. சனிக்கிழமை, ஆறாவது ஆளாகப் பெயர் கொடுத்திருந்த சுன்யானி வழி ஓட்டுநரைச் சேர்த்துக்கொண்டு ஆடினார்கள். தோற்றார்கள். பிராகோ கைகட்டிப் பின்னால் நின்று, ஒரு சொல்லும் பேசாமல் முழுவதையும் பார்த்தாள். போட்டி விதி அப்படி.

முடிந்ததும் பாஃபூர் கைப்பேசியை மேசையில் போட்டான். "அக்கா, உன்னாலதான் தோத்தோம்."

"நான் இல்லாததால பாதி. மீதிப் பாதி, நீ ஆத்துக்குள்ள போனதால. எண்ணிப் பாத்தியா? ஒருத்தனைக் காணோமே."

சுற்றி நின்ற ஓட்டுநர்களில் யாரோ, "நம்ம பாஃபூரு, அவன் டெச்சிமானுக்குப் போயிருப்பான்னு நினைச்சிட்டாரு" என்றான். பாஃபூருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திங்கட்கிழமை பிராகோ புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கினாள். பெயர் கேட்ட இடத்தில் 'யாரும் கேட்கவில்லை' என்று போட்டாள். புதிய கணக்கு என்றால் அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டும், நேற்று விளையாட வந்தவர்களோடு. நான்கு வருட உழைப்பு போயிற்றே என்று வாச்சே கடைக்காரி வருத்தப்பட்டாள். பிராகோ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அணியில் நான்கு பேர் நான்கு திசையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தன் கோட்டையையே அடித்துக்கொண்டிருந்தான்.

"மறுபடியும் ஆரம்பிக்கப் போறியா?" என்றான் பாஃபூர், டாமே பலகையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அடிமட்டம்டா இது. இங்கதான் ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியல. எவ்வளவு வேலை கிடக்கு பாரு." அவள் ஒலிவாங்கியைத் திறந்தாள். "தம்பிங்களா, யாரும் என்னைக் கேக்கல. ஆனா ஆத்துப் பக்கம் ஒருத்தனைக் காணோம்."

அவள் இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். உங்கள் அணியிலும் ஒருநாள் அப்படி ஒரு குரல் வரும். அவளுடையதாகவோ, அவளிடம் கேட்டவனிடம் கேட்ட ஒருத்தியுடையதாகவோ. விளையாட்டில் வராவிட்டால் அலுவலகத்தில் வரும், மருத்துவமனை வரிசையில் வரும், உங்கள் வீட்டுக்குள்ளேயே வரும். பெண் குரலாக இருக்கலாம், உங்களுக்குப் பழக்கமில்லாத சாயலில் இருக்கலாம். அப்போது அந்தக் குரலை அடைக்கும் பொத்தானிலிருந்து விரலை எடுங்கள். யார் உன்னைக் கேட்டது என்று கேட்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, வரைபடத்தை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.